பெருமாள் குளித்த தொட்டி

புரட்டாசி பிறந்துவிட்டால் மாதவியின் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு கருவாட்டு வாசம்கூட உள்ளே போக முடியாது. கிள்ளான் நகரில், மேரு என்ற ஊருக்குப் போகும் சாலையோரம் இருக்கும் அந்த ஐந்து மாடி பிளாட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மாதம் பிறப்பதற்கு முதல் நாளே மீன் சட்டி, இறைச்சி வெட்டும் பலகை, கத்தி எல்லாவற்றையும் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வெளியே செருப்பு அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவாள். முட்டைத் தட்டு குப்பைக்குப் போகும். லோரி ஓட்டும் அவள் கணவன் கமலநாதன் வெளியே எங்காவது கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தால், குளித்துத் துணி மாற்றிய பிறகுதான் சோபாவில் உட்கார முடியும்.

"என் வீட்டுக்குள்ள வர எனக்கே ஒரு மாசம் பெர்மிட் எடுக்கணும்லா," என்று அவன் எதிர்வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் லேனா என்ற மூன்றரை மாதப் பெண்குழந்தை பகலெல்லாம் வளர்ந்தது. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாயிற்று, கண்ணுகளா. அழுக்கான வீட்டில் நடந்திருந்தால் சொல்வது சுலபம்.

மாதவிக்குப் பிள்ளை இல்லை. வயது நாற்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாக வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் புரட்டாசியில் அவளிடம் இரண்டு குழந்தைகள். ஒன்று, இரண்டு வயது விஷ்ணுப்ரியா. அவள் அம்மா லோகேஸ்வரி தினமும் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். இன்னொன்று, நாலாவது மாடி கிறிஸ்டினின் முதல் குழந்தை மகதலேனா. எல்லாரும் லேனா என்பார்கள். பிரசவ விடுப்பு முடிந்து கிறிஸ்டின் மேருவில் உள்ள கையுறைத் தொழிற்சாலைக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

தினம் காலை ஆறரைக்குக் கிறிஸ்டின் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு இறங்கி வருவாள். ஒருநாள் அவள் தோளில் தொங்கிய பையிலிருந்து கறி வாசம் வந்தது.

"என்ன அது?" என்றாள் மாதவி, வாசலை மறித்துக்கொண்டு.

"நேத்து மிச்சம் அக்கா. ரெண்டு துண்டு கோழிதான். மதியத்துக்கு."

"ரெண்டு துண்டா இருந்தா என்ன, ரெண்டு லோரியா இருந்தா என்ன. பைய அந்த ஆணியில மாட்டு. குழாயில சோப்பு போட்டுக் கைய கழுவு. அப்புறம் பிள்ளையக் குடு."

வாசலுக்கு வெளியே, தண்ணீர் மீட்டர் பக்கத்தில், கமலநாதன் ஒரு குழாய் வைத்துக் கொடுத்திருந்தான். கிறிஸ்டின் சிரித்துக்கொண்டே பையை மாட்டிவிட்டுக் கை கழுவினாள்.

"எட்டு மணி நேரம் கையுறை போட்டுக்கிட்டு நிக்கிறவ நான். என் கையைவிட சுத்தமான கை இந்தக் கிள்ளான்லயே இருக்காது அக்கா."

"இருக்கு. உன் எதிர்ல நிக்குது. இன்னொரு வாட்டி கழுவு, விரல் இடுக்குல."

கிறிஸ்டின் இன்னொரு தடவை கழுவினாள். மாதவி குழந்தையை வாங்கிக்கொண்டு நாக்கை அண்ணத்தில் தட்டி 'ட்டொக்' என்று ஒரு சத்தம் எழுப்பினாள். லேனாவின் தலை சட்டென்று திரும்பியது. வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. எந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தாலும் அவள் திரும்புவாள். மாதவிக்கும் அவளுக்கும் மட்டும் உள்ள பாஷை அது.

"என்னைப் பாத்துகூட இப்படிச் சிரிக்க மாட்டேங்குறா," என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்டின் படியிறங்கிப் போனாள்.

அந்த வீட்டில் இன்னொரு ஜீவனும் இருந்தது. ஒரு தரை ஆமை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். ஏழு வருடத்துக்கு முன் பூச்சோங்கில் ஒரு சீன முதலாளி வீடு மாறியபோது கமலநாதன் சாமான் ஏற்றப் போனான். முதலாளி, "வச்சுக்கோ, அதிர்ஷ்டம்" என்று ஒரு பெட்டியை நீட்டினார். அன்றைக்குப் பார்த்து புரட்டாசிச் சனிக்கிழமை. மாதவி முதலில் பயந்து நாற்காலிமேல் ஏறினாள். அது மெதுவாகக் கூடத்தைக் கடந்து சாமி அலமாரிக்குக் கீழே போய் நின்று தலையை நீட்டிப் பார்த்தது. மாதவி நாற்காலியை விட்டு இறங்கினாள். கூர்மாவதாரமே கால் நடையாக வீடு தேடி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்று முதல் அதற்குப் பெருமாள் என்று பேர்.

பெருமாள் கங்கோங் கீரை தின்பார். செம்பருத்திப் பூ தின்பார். பூசணித் துண்டு வைத்தால் அரை நாள் அதைச் சுற்றி வருவார். ஒரு புழு பூச்சியைத் தொட்டதில்லை. சுத்த சைவம். பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தில் அவருக்குப் படுக்கை. சாயங்காலம் கூடத்தில் நடப்பார். அவரை யாராவது செல்லப்பிராணி என்று சொன்னால் மாதவிக்குப் பிடிக்காது.

சனிக்கிழமைதோறும் அவருக்கு ஸ்நானம். எங்கே குளிப்பாட்டுவது என்பதில் மாதவி முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பிளாட்டில் குளியலறையும் கக்கூசும் ஒன்று. அங்கே கொண்டுபோய்ப் பெருமாளை வைப்பதா? சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் சில்வர் தொட்டிதான் வீட்டிலேயே சுத்தமான இடம். அதிலும் புரட்டாசியில் இறைச்சி ரத்தம் ஒரு சொட்டு விழாத தொட்டி. பால் போத்தல்களை எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, மஞ்சள் பொடி ஒரு சிட்டிகை போட்டு அவரை இறக்குவாள். தண்ணீரில் இறங்கியதும் அவர் வயிற்றுக் கழிவை விடுவார். ஆமைக்கு அது வழக்கம். தழை தின்ற கழிவுதானே, மாட்டுச் சாணம் மாதிரி என்று அவள் அதைத் தண்ணீரோடு கலக்கிவிட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் ஓட்டைத் தேய்ப்பாள். பிறகு தொட்டியை நல்ல தண்ணீரில் அலசுவாள். கையையும் அதே மஞ்சள் தண்ணீரில்தான் கழுவுவாள். சோப்பு எல்லாம் எச்சில், கறி, கவிச்சிக்குத்தான்.

மூன்றாவது சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. குளித்து முடித்த பெருமாளுக்கு ஓட்டில் நாமம் போட்டு, துளசி வைத்து, சாமி அலமாரி முன்னால் பலகையில் அமர்த்தினாள். விஷ்ணுப்ரியா ஓடி வந்து ஓட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பழக்கிவைத்திருந்தது. லேனா மாதவியின் இடுப்பில் இருந்தாள். வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. செய்யலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். நல்லதுக்குத்தானே, எந்தச் சாமி வேண்டாமென்று சொல்லப் போகிறது என்று, அந்தப் பிஞ்சு விரல்களைப் பிரித்து ஈரமான ஓட்டில் வைத்தாள். பிறகு எடுத்துக் கண்ணில் ஒற்றினாள்.

லேனா விரல்களை மடக்கி, அந்த வயதுப் பிள்ளைகள் செய்வதைப்போல, முழுக் கையையும் வாயில் திணித்துக்கொண்டாள்.

மாதவி சிரித்தாள். "பிரசாதம் சாப்பிடுறியாடி தங்கம்?"

திங்கட்கிழமை லேனாவுக்கு உடம்பு கதகதவென்றிருந்தது. இரண்டு பேம்பர்ஸ் நிறையத் தண்ணீராகப் போயிற்று. கிறிஸ்டின் வேலையிலிருந்து வந்து கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். புதன்கிழமை காலையில் கிறிஸ்டின் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. ஆறே முக்காலுக்கு மாதவி மேலே போகலாமென்று கதவைத் திறந்தபோது, கிறிஸ்டினின் கணவன் காலேப் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு படிகளில் தாவி இறங்கினான். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

அரசு மருத்துவமனையில் குழந்தையின் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தலையில் நரம்பு தேடி ஊசி ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. அன்று மாதவியும் அங்கே இருந்தாள். பகலெல்லாம் பார்த்துக்கொண்டவள் என்பதால் டாக்டர் அவளையும் கூப்பிட்டிருந்தார். டாக்டர் இளம்பெண், தமிழ் பேசுகிறவர், தூக்கமில்லாத கண்.

"சால்மொனெல்லான்னு ஒரு கிருமி," என்றார். "பெரியவங்களுக்கு வந்தா ரெண்டு நாள் வயித்தால போகும், சரியாயிடும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ரத்தத்துல ஏறி மூளை உறை வரைக்கும் போயிடுச்சு. மருந்து நாலு வாரத்துக்குக் குறையாமப் போகணும். அப்புறம்தான் மத்ததெல்லாம் சொல்ல முடியும்."

"மத்ததுன்னா?" என்றான் காலேப்.

"காது, பார்வை, வளர்ச்சி. இப்ப எதுவும் சொல்லல, அண்ணே. முதல்ல உயிர்." அவர் தாளைப் பார்த்தார். "எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கணும். பெரும்பாலும் பச்சைக் கோழி, முட்டை. அதைத் தொட்ட கையோட பால் கலக்கினா போதும். வீட்டுல நாய், பூனை, கோழி வளர்க்கிறீங்களா?"

"எங்க வீட்டுல எதுவும் இல்ல," என்றாள் கிறிஸ்டின்.

"என் வீட்டுலயும் இல்ல டாக்டர்," என்றாள் மாதவி. அவள் பொய் சொல்லவில்லை. நாய், பூனை, கோழி என்று கேட்டார்கள். இல்லை. "இது புரட்டாசி. இருபது நாளா என் வீட்டுக்குள்ள ஒரு முட்டை ஓடுகூட வரல. வாசல்ல கை கழுவாம யாரையும் உள்ள விடுறதில்ல. இந்தப் பிள்ளையையே கேளுங்க."

கிறிஸ்டின் தலையாட்டினாள். "ஆமா டாக்டர். அக்கா வீடு கோயில் மாதிரி."

அந்த வார்த்தை முடிந்ததும் காலேப் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான். மாதவிக்கு அந்தப் பார்வை பின்னால் பல நாள் கண்ணுக்குள் நின்றது.

"ஞாயித்துக்கிழமை நீ கோழி வெட்டுனே," என்றான், வராந்தாவுக்கு வந்ததும்.

"கழுவுனேன் காலேப்."

"வெட்டிட்டு இருக்கப்பவே அவ அழுதா. ஓடிப்போய்த் தூக்குனே."

"கழுவிட்டுத்தான் தூக்குனேன்."

"ஞாபகம் இருக்கா? நல்லா ஞாபகம் இருக்கா?"

கிறிஸ்டின் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும், சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலில் எத்தனை தடவை கை நனைத்தோம் என்று யார் எண்ணி வைத்திருப்பார்கள். அவள் முகத்தில் சந்தேகம் ஏறியதை மாதவி பார்த்தாள். ஒருத்தி தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பிப்பது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, விளக்கு மெல்ல மெல்லக் குறைவதுபோல.

"விடு தம்பி," என்றாள் மாதவி. "தெரிஞ்சா செஞ்சா? கிறிஸ்டின், மனச விட்டுறாதம்மா. இனிமே கவனமா இரு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் 'இனிமே கவனமா இரு' என்ற அந்த ஒரு சொல்லில், குற்றம் யாருடையது என்று தீர்ப்பும் எழுதிவிட்டாள். நெஞ்சுக்குள் ஓர் ஓரத்தில், தன் வீட்டில் நடக்கவில்லை என்ற பெருமையும் இருந்தது. அதை மறைத்துச் சொன்னால் நான் கதை சொல்வதில் அர்த்தமில்லை.

மறுநாள் நான்காவது சனிக்கிழமை. மாதவி பெருமாளைச் சிரத்தையாகக் குளிப்பாட்டினாள். தொட்டியில் மஞ்சள் கூடவே போட்டாள். லேனாவுக்கு வேண்டி நெய் விளக்கு ஏற்றினாள். "பாப்பாவுக்கு நல்லாகணும்னு சாமியத் தொட்டுக் கும்பிடு," என்று விஷ்ணுப்ரியாவிடம் சொன்னாள். அந்தக் குழந்தை இரண்டு கையாலும் ஓட்டைத் தொட்டு, வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிவாக்கில் போன் வந்தது.

"வணக்கம் ஆன்டி. சுகாதார இலாகாவிலேருந்து ராதாகிருஷ்ணன் பேசுறேன். மகதலேனா கேஸ் விஷயமா. நீங்கதான பகல்ல பாத்துக்கிறது?"

"ஆமா தம்பி."

"சில கேள்வி கேக்கணும். புதன்கிழமை நேர்லயும் வருவேன்." சாப்பாடு, தண்ணீர், பால் பவுடர் என்று வரிசையாகக் கேட்டான். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். "கடைசியா, வீட்டுல ஆமை, உடும்பு, ஓணான், பாம்பு இப்படி ஏதாச்சும் இருக்கா?"

மாதவி பின்கட்டைப் பார்த்தாள். பெருமாள் பூசணித் தோலை மென்றுகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, ஆமைக்கு என்ன? அது கீரை திங்கிற ஜீவன்தானே."

"கீரை தின்னாலும் கல்லைத் தின்னாலும் ஒண்ணுதான் ஆன்டி. அந்தக் கிருமி அதுங்க குடல்ல சும்மாவே குடியிருக்கும். அதுக்கு ஒண்ணும் செய்யாது. நல்லா ஆரோக்கியமா, பார்க்கச் சுத்தமா இருக்கும். ஆனா அது கழிச்ச தண்ணி, நடந்த தரை, ஓடு, எல்லாத்துலயும் இருக்கும். ரொம்பப் பேர் கொண்டாந்து சிங்க்ல குளிப்பாட்டுவாங்க, அதுலயே போத்தல் கழுவுவாங்க. அங்கதான் ஆரம்பம். வளர்க்கிறவங்க தனி பேசின் வச்சுக்கணும், சமையல்கட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தொட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவணும். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களை அது பக்கத்துலயே விடக்கூடாது." அவன் நிறுத்தினான். "இருக்குதா ஆன்டி?"

சமையல்கட்டு அவளுக்கு நேராகத் தெரிந்தது. தொட்டி பளபளவென்றிருந்தது. பக்கத்தில் லேனாவின் மூன்று போத்தல்கள் இன்னும் கவிழ்ந்தே இருந்தன.

"இல்ல தம்பி," என்றாள் மாதவி.

இந்தத் தடவை அது பொய்.

சாயங்காலம் கமலநாதன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"யாருக்குத் தெரியும்?" என்றான்.

"யாருக்குத் தெரியணும்? லோகேஸ்வரிக்குத் தெரியும், வீட்டுல ஆமை இருக்குன்னு. கிறிஸ்டினுக்கும் தெரியும். அவளுக்குத் தோணல. எனக்கே தோணலையே."

"அப்ப தோணாமலே இருக்கட்டும். அம்பாங்ல சின்னையா இருக்கான்ல, என்கூட லோரி ஓட்டுனவன். நாளைக்குக் காலைல அங்க கொண்டுபோய் விட்டுடுறேன். அவன் பொண்ணுக்கும் ரெண்டு வயசுதான். விளையாடட்டும். புதன்கிழமை அந்த ஆளு வந்து வெறுந்தரையப் பாத்துட்டுப் போகட்டும்."

"ரெண்டு வயசா?"

"மாதவி, நீ ஒண்ணும் வேணும்னு செய்யல. இது வெளியில வந்தா இந்த பிளாட்ல நாம குடியிருக்க முடியுமா? உன்கிட்ட ஒரு பிள்ளையக் குடுப்பாங்களா?"

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கிறிஸ்டின் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, காலேப் என்னைப் பிள்ளையத் தூக்க விடல. நர்ஸ் தூக்கச் சொன்னாலும் கையப் பாக்குறார். நான் கழுவிக்கிட்டேதான் இருக்கேன்." மாதவி அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. லோகேஸ்வரி ஆறேகாலுக்கே பிள்ளையைக் கொண்டுவந்து விடவேண்டியவள். வரவில்லை. கமலநாதன் பெருமாளை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டான். ஆறரைக்குப் போன் அடித்தது.

"அக்கா, இன்னைக்கு வேலைக்குப் போகல. பிரியாவுக்கு நேத்து சாயங்காலத்துலேருந்து காய்ச்சல். இப்ப போனதுல ரத்தம் மாதிரி இருக்கு. கருப்பட்டித் தண்ணி குடுக்கலாமாக்கா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

"லோகா, நான் சொல்றதக் கேளு. எதுவும் குடுக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. போய், பாத்துக்கிற வீட்டுல ஆமை இருக்கு, பிள்ளை அதைத் தொட்டுச்சுன்னு சொல்லு. என் பேரச் சொல்லு. லேனாவுக்கும் அதான்னு சொல்லு."



"என்னக்கா சொல்றீங்க?"

"போம்மா. அப்புறம் என்னை என்ன வேணாலும் கேளு. இப்பப் போ."

செருப்பு போடாமல் படியிறங்கினாள். லோரி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். கமலநாதன் தலையை வெளியே நீட்டினான்.

"இறக்குங்க," என்றாள்.

"ஏய், நேத்து பேசினோம்ல..."

"பிரியாவுக்கும் வந்துடுச்சு. சின்னையா பொண்ணுக்கும் ரெண்டு வயசுன்னீங்க. இறக்குங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இன்ஜினை நிறுத்தினான். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது உள்ளேயிருந்து நகம் அட்டையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. மாதவி அதைத் தொடவில்லை. அங்கேயே நின்று ராதாகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே கிறிஸ்டினும் காலேப்பும் இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்டினின் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. மருந்துச் சோப்பில் கழுவிக் கழுவி, விரல் இடுக்குகளில் தோல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

மாதவி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். எதையும் விடவில்லை. தொட்டி, மஞ்சள் தண்ணீர், கவிழ்த்து வைத்த போத்தல், ஓட்டில் வைத்து எடுத்த கை, அது வாய்க்குப் போனது, தான் சிரித்தது, போனில் சொன்ன பொய். சொல்லி முடித்தபோது ஒரு நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் நடுவே போனாள். மூன்று பேரும் அதற்கு வழிவிட்டார்கள்.

காலேப் எழுந்தான். அடிப்பான் என்றே மாதவி நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கிறிஸ்டினின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த வெடித்த கைகளைப் பிடிக்கப் போனான். அவள் கைகளை இழுத்துக்கொண்டாள். அவன் பக்கமே பார்க்கவில்லை.

"நீங்க கழுவச் சொன்னப்பல்லாம் கழுவுனேன் அக்கா," என்றாள். குரல் ஏறவில்லை. "விரல் இடுக்குல கழுவச் சொன்னீங்க. கழுவுனேன்."

"ஆமாம்மா."

"இவர் நான்தான்னாரு. நானும் நான்தான்னு நம்பிட்டேன். அஞ்சு நாளா. நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"எனக்கு அப்பத் தெரியாதும்மா."

"திங்கக்கிழமை தெரியும்ல."



புதன்கிழமை ராதாகிருஷ்ணன் வந்தான். இன்னும் முப்பது தாண்டாதவன். திட்டவில்லை. கையுறை போட்டுக்கொண்டு தொட்டியின் ஓரங்களிலும், வடிகால் துளையிலும், பெருமாளின் ஓட்டிலும் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்தான். எழுதிக்கொண்டே, "ஆமை மேல தப்பு இல்ல ஆன்டி," என்றான். "அது ஆமையா இருக்கு, அவ்வளவுதான்." பத்து நாளில் முடிவு வந்தது. இரண்டு குழந்தைகளிடமும் தொட்டியிலும் ஓட்டிலும் ஒரே கிருமி.

விஷ்ணுப்ரியா ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்குப் போனாள். சீக்கிரம் கொண்டுவந்ததால் தப்பித்தது என்றார்களாம். லோகேஸ்வரி பிள்ளையின் துணிப்பையை எடுத்துப்போக மட்டும் ஒருநாள் வந்தாள். வாசலுக்கு வெளியேயே நின்று வாங்கிக்கொண்டாள்.

பின்கட்டிலேயே ஆமைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின், தனி பிரஷ், ஒரு சோப்பு என்று கமலநாதன் வாங்கி வைத்தான். கூடத்துக்கு வராதபடி பலகை அடித்தான். அவன்தான் கையுறை போட்டுக் கழுவுகிறான், கழுவிய தண்ணீரைக் கக்கூசில் ஊற்றுகிறான். மாதவி கீரை வைப்பதோடு சரி. வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவுகிறாள். பெருமாள் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அந்தப் பேர் இல்லாமல் அது சும்மா ஒரு ஆமையாகத்தான் இருக்கிறது, பூசணியைச் சுற்றிக்கொண்டு.

தீபாவளி வந்தது. அந்த வீட்டில் விளக்கு வைத்தார்கள், பலகாரம் செய்யவில்லை. அதற்கு அடுத்த வாரம் லேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று படியில் யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. நான்கு நாள் கழித்து மாதவி நாலாவது மாடிக்கு ஏறினாள். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. லேனாவின் போத்தல்களைக் கொண்டுபோக எடுத்தாள், பிறகு குப்பையில் போட்டுவிட்டாள்.

கிறிஸ்டின்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். ஒரு கணம் நின்று, பிறகு விலகி வழிவிட்டாள். மாதவி வாசலிலேயே நின்றாள்.

"கை கழுவணும்," என்றாள்.

கிறிஸ்டின் குளியலறையைக் காட்டினாள். மாதவி சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினாள். விரல் இடுக்கில் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

கூடத்தில் விரித்த பாயில் லேனா மல்லாந்து கிடந்தாள். தலையில் ஊசி போட்ட இடங்களில் முடியை மழித்திருந்தார்கள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. கண் விழித்து, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். மாதவி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைத்துவிட்டாள், பிழைத்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். குழந்தையின் தலைமாட்டுப் பக்கம், அவள் கண்ணில் படாத இடத்தில் மெல்ல மண்டியிட்டாள்.

நாக்கை அண்ணத்தில் தட்டினாள். ட்டொக்.

லேனா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதவி இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் பலமாகத் தட்டினாள். மூன்றாவது தடவையும் தட்டினாள். விசிறியின் நிழல் குழந்தையின் முகத்தில் வந்து வந்து போயிற்று.

"விடுங்க அக்கா," என்றாள் கிறிஸ்டின், பின்னாலிருந்து. "நாலு நாளா நானும் அந்தச் சத்தத்தைத்தான் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."